பெயர் மாறிய தொகுதி: திண்டிவனம் – விழுப்புரம் நாடாளுமன்றத் தொகுதியின் தேர்தல் வரலாறு (1952–2024)

ஆய்வுச் சுருக்கம்

திண்டிவனம் நாடாளுமன்றத் தொகுதி 1952 முதல் 2009 வரை நீடித்து, தொகுதி மறுசீரமைப்பால் மறைந்தது. அதன் நிலப்பகுதியில் ஒரு பகுதி விழுப்புரம் (தனி) தொகுதிக்குள் வந்தது. இவ்விரு தொகுதிகளின் வரலாறும் பெரும்பாலும் வேட்பாளர் பட்டியலாகவோ கூட்டணிக் கணக்காகவோ மட்டுமே எழுதப்பட்டு வந்துள்ளது. இக்கட்டுரை அவற்றை ஒரே தொடர்ச்சியாகக் கொண்டு, ஈருறுப்பினர் தொகுதி, பொதுத் தொகுதி, தனித் தொகுதி என்னும் மூன்று சட்ட வடிவங்களின்கீழ் இப்பகுதியின் பிரதிநிதித்துவம் எவ்வாறு அமைந்தது என ஆராய்கிறது. 1967 முதல் 2024 வரையிலான 15 தேர்தல்களில் 14இல் இத்தொகுதி மாநில அளவில் முன்னணி பெற்ற அணியையே தேர்ந்தெடுத்துள்ளது. விதிவிலக்கான ஒரே தேர்தல், தொகுதி தனித் தொகுதியான பின் நடந்த முதல் தேர்தலாகும். அவ்விதிவிலக்கின் பொருளை விளக்குவது இக்கட்டுரையின் மைய நோக்கம்.

திறவுச்சொற்கள்: திண்டிவனம், விழுப்புரம், ஈருறுப்பினர் தொகுதி, தனித் தொகுதி, உழைப்பாளர் கட்சி, தேர்தல் சின்னம், தொகுதி மறுசீரமைப்பு.

1. முன்னுரை

தொகுதிகள் பெரும்பாலும் நகரங்களின் பெயரால் அழைக்கப்படுகின்றன. ஆயினும் பெயர் தரும் நகரமே தொகுதியின் போக்கைத் தீர்மானிக்கிறது என்று கொள்வதற்கில்லை. திண்டிவனமும் விழுப்புரமும் இதற்குத் தக்க சான்றுகள். சென்னையையும் திருச்சிராப்பள்ளியையும் இணைக்கும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 40 கி.மீ. இடைவெளியில் அமைந்த இவ்விரு நகரங்களுள், விழுப்புரம் தென்னிந்திய இருப்புப்பாதையின் முதன்மையான சந்திப்புகளுள் ஒன்று. திண்டிவனம் புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் சாலைகள் பிரியும் இடம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி விழுப்புரம் நகராட்சியில் ஏறத்தாழ 96,000 பேரும் திண்டிவனம் நகராட்சியில் ஏறத்தாழ 73,000 பேரும் வாழ்ந்தனர். விழுப்புரம் தொகுதியின் இன்றைய வாக்காளர் எண்ணிக்கையோ ஏறத்தாழ 15 இலட்சம். அன்றைய விழுப்புரம் மாவட்ட மக்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினரே நகர்ப்புறத்தினர். எனவே, நகரம் இங்கே பெயரையும் நீதிமன்றம், சந்தை, கட்சி அலுவலகம் ஆகியவற்றையும் தருகிறது. வாக்குகளைத் தருபவை நெல்லும் கரும்பும் மணிலாவும் விளையும் ஊர்களும் அவ்வூர்களின் காலனிகளும் ஆகும்.

இப்பகுதி மக்களுள் வன்னியரும் பட்டியல் சாதியினரும் எண்ணிக்கையில் பெரும் பிரிவினர். 2011 கணக்கெடுப்பின்படி ஒன்றுபட்ட விழுப்புரம் மாவட்ட மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர். மாநிலச் சராசரி 20 விழுக்காடு. நிலமும் கூலியும் இவ்விரு பிரிவினரையும் ஒரே வயலில் சேர்த்தன. ஊரும் காலனியும் அவர்களைப் பிரித்தன. ஒரே தொகுதியில் வாழும் இவ்விரு பிரிவினரும் நாடாளுமன்றத்தில் யாரால், எந்தச் சட்ட ஏற்பாட்டின்கீழ்ப் பிரதிநிதித்துவம் பெற்றனர் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

ஆய்வு எல்லையைப் பற்றி ஒன்று கூற வேண்டும். தேர்தல் முடிவுகள் வேட்பாளர் பெற்ற வாக்குகளைக் காட்டுமேயன்றி எந்தச் சாதியினர் யாருக்கு வாக்களித்தனர் என்பதைக் காட்டா. ஆகவே, முடிவுகளிலிருந்து சாதிவாரியான வாக்குக் கணக்குகளை வருவிக்க இக்கட்டுரை முற்படவில்லை. சட்ட வடிவம், வேட்பாளர் தேர்வு, அணிச்சேர்க்கை, சின்னம் ஆகிய புறச்சான்றுகளையே அது அடிப்படையாகக் கொள்கிறது.

2. ஈருறுப்பினர் தொகுதியும் உழைப்பாளர் கட்சியும் (1952)

முதல் பொதுத்தேர்தலில் சென்னை மாநிலத்திற்கு 75 மக்களவை இடங்கள் இருந்தன. காங்கிரசு அவற்றுள் 35 இடங்களையே பெற்றது. சட்டமன்றத்தில் 375 இடங்களுக்கு 152 இடங்களே கிடைத்தமையால் பெரும்பான்மையை அது இழந்தது. இந்தப் பின்னடைவின் ஒரு முனை வட தமிழகம். வன்னியர் சங்க இயக்கத்திலிருந்து கிளைத்த இரு கட்சிகள் இங்கே காங்கிரசை எதிர்த்துப் போட்டியிட்டன. தென்னார்க்காட்டில் சி. சு. இராமசாமிப் படையாட்சியார் தலைமையில் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சியும், வடார்க்காடு, செங்கற்பட்டு மாவட்டங்களில் மா. அ. மாணிக்கவேலு நாயக்கர் தலைமையில் காமன்வீல் கட்சியும் செயற்பட்டன. உழைப்பாளர் கட்சி 19 சட்டமன்ற இடங்களையும் 4 மக்களவை இடங்களையும், காமன்வீல் கட்சி 6 சட்டமன்ற இடங்களையும் 3 மக்களவை இடங்களையும் வென்றன. சாதிச் சங்கம் மக்களாட்சிக் கருவியாக மாறியதற்கு முதன்மைச் சான்றாக இவ்வியக்கத்தையே லாயிட் ருடால்ஃப், சுசான் ருடால்ஃப் ஆகியோர் 1967இல் வெளிவந்த தம் நூலில் எடுத்துக்கொண்டனர்.

உழைப்பாளர் கட்சியின் மக்களவை வெற்றிகளில் இரண்டு திண்டிவனத்திலிருந்து வந்தவை. வெ. முனுசாமி, அ. செயராமன் ஆகிய இருவரும் ஒரே தொகுதியிலிருந்து அக்கட்சியின் சார்பில் தேர்ந்தெடுக்கப்பட்டனர். திண்டிவனம் அன்று ஈருறுப்பினர் தொகுதியாக இருந்தமையே இதற்குக் காரணம். இம்முறையில் வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகள் உண்டு. இரண்டையும் ஒரே வேட்பாளருக்கு இட இயலாது. இரு இடங்களுள் ஒன்று பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வாக்குப்பெட்டி வைக்கப்பட்டு, பெட்டியின்மேல் சின்னம் ஒட்டப்பட்டிருந்தது. எழுத்தறியாதாரும் சின்னத்தைக் கண்டு வாக்குச்சீட்டைப் பெட்டியில் இட்டனர்.

இம்முறையின் அரசியல் விளைவு கருதத்தக்கது. கட்சியொன்று இரு இடங்களையும் வெல்ல வேண்டுமாயின் இரு வேட்பாளர்களை இணைத்தே வாக்குக் கேட்க வேண்டும். ஊரில் வாழ்பவர் தம் இரண்டாம் வாக்கைக் காலனியைச் சேர்ந்த வேட்பாளருக்கும், காலனியில் வாழ்பவர் தம் இரண்டாம் வாக்கை ஊரைச் சேர்ந்த வேட்பாளருக்கும் இடுமாறு கோர வேண்டும். வன்னியர் சங்கத்திலிருந்து தோன்றிய கட்சி 'உழைப்பாளர்' என்னும் தொழில்சார் பெயரைத் தாங்கியதையும் இப்பின்னணியில் காணலாம். அப்பெயர் சாதியைக் கடந்த ஒரு கூட்டை, குறைந்தது தேர்தல் நாளளவிலேனும், கோரியது. அக்கூட்டு சமமானதாக இருந்தது என்று கூற இயலாது. ஒதுக்கப்பட்ட இடத்திற்கான வேட்பாளரைத் தேர்ந்தெடுத்ததும் அதே கட்சித் தலைமைதான். எனினும் இரு பிரிவினருக்கும் ஒரே நேரத்தில், ஒரே தொகுதியில், தத்தம் உறுப்பினர் இருந்த காலம் இது ஒன்றே.

இம்முறைக்கு எதிர்ப்பு வேறிடத்திலிருந்து எழுந்தது. ஒதுக்கீட்டுப் பிரிவைச் சேர்ந்த வேட்பாளர் பொது இடத்தையும் வெல்ல விதி இடமளித்தது. ஆந்திரத்தின் பார்வதிபுரம் தொகுதியில் 1957இல் பழங்குடியினர் இருவரும் வென்று வி. வி. கிரி தோல்வியுற்றார், அவர் தொடுத்த வழக்கை உச்சநீதிமன்றமும் ஏற்கவில்லை. 1961இல் இயற்றப்பட்ட சட்டம் ஈருறுப்பினர் தொகுதிகளை நாடெங்கும் நீக்கியது. திண்டிவனத்தில் அம்முறை அதற்கு முன்பே முடிவுக்கு வந்துவிட்டது. 1957இல் திண்டிவனம் ஓருறுப்பினர் தொகுதியாகச் சண்முகம் என்னும் சுயேச்சை வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தது. அன்று முதல் 2009 வரை அரை நூற்றாண்டுக்கும் மேலாக அது பொதுத் தொகுதியாகவே இருந்தது.

3. கட்சி கரைந்தது, சின்னம் நிலைத்தது

உழைப்பாளர் கட்சியின் வாழ்வு குறுகியது. மாணிக்கவேலு நாயக்கர் இராசாசி அமைச்சரவையிலும், 1954இல் இராமசாமிப் படையாட்சியார் காமராசர் அமைச்சரவையிலும் இடம்பெற்றனர். இரு கட்சிகளும் காங்கிரசில் கரைந்தன. ஆட்சியில் பங்கு என்னும் கோரிக்கை நிறைவேறியதும் தனிக்கட்சிக்கான தேவை முடிந்ததாகத் தலைமை கருதியது. தொண்டர் அனைவரும் அவ்வாறு கருதவில்லை. அவ்வாறு கருதாதோருள் முதன்மையானவர் ஏ. கோவிந்தசாமி. 1952இல் உழைப்பாளர் கட்சியின் சட்டமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர் காங்கிரசில் சேர மறுத்து, பின்னர்த் திராவிட முன்னேற்றக் கழகத்தில் இணைந்தார். 1967இல் அண்ணா அமைச்சரவையில் வேளாண்மைத் துறையை ஏற்றார். 1952 தேர்தலில் அவர் பயன்படுத்திய உதயசூரியன் சின்னமே கழகத்தின் சின்னமாயிற்று என்பது கழக வரலாற்று மரபு. அம்மரபின்படி, தமிழகத்தின் இன்றைய முதன்மைச் சின்னம் ஒன்று விழுப்புரம் வட்டாரத்து வயல்களிலிருந்து புறப்பட்டதாகும். இச்சின்னம் 67 ஆண்டுகளுக்குப் பின் இதே பகுதிக்கு எதிர்பாராத வடிவில் திரும்பியதைப் பின்னர்க் காண்போம்.

திண்டிவனம் தொகுதி 1962இல் காங்கிரசின் வெங்கடசுப்பு ரெட்டியாரையும், 1967இல் தி.மு.க.வின் இராமபத்திர நாயுடுவையும் தேர்ந்தெடுத்தது. உழைப்பாளர் கட்சியின் கோட்டையாக இருந்த தொகுதியில், கட்சி கரைந்த பின் வேறு சமூகங்களைச் சேர்ந்தோர் இரு பெரும் கட்சிகளின் வேட்பாளர்களாக நின்று வென்றது நோக்கத்தக்கது. எண்ணிக்கைப் பெரும்பான்மை தானாகவே பிரதிநிதித்துவமாக மாறுவதில்லை. அதற்கு அமைப்பு வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

4. அணியுடன் சேர்ந்து நடந்த பொதுத் தொகுதி (1967–2004)

1967க்குப் பின் இத்தொகுதியின் முடிவுகளில் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. பின்வரும் அட்டவணை அதைத் தொகுத்துத் தருகிறது. 2004 வரையிலானவை திண்டிவனம் தொகுதிக்கும், 2009 முதலானவை விழுப்புரம் (தனி) தொகுதிக்கும் உரியவை.

ஆண்டு – வென்ற கட்சி – மாநிலத்தில் மிகுதியான இடம் பெற்ற அணி
1967 – தி.மு.க. – தி.மு.க. அணி
1971 – காங்கிரசு – தி.மு.க., காங்கிரசு அணி
1977 – காங்கிரசு – அ.தி.மு.க., காங்கிரசு அணி
1980 – காங்கிரசு (இ) – தி.மு.க., காங்கிரசு (இ) அணி
1984 – காங்கிரசு – அ.தி.மு.க., காங்கிரசு அணி
1989 – காங்கிரசு – அ.தி.மு.க., காங்கிரசு அணி
1991 – காங்கிரசு – அ.தி.மு.க., காங்கிரசு அணி
1996 – தி.மு.க. – தி.மு.க., த.மா.கா. அணி
1998 – ம.தி.மு.க. – அ.தி.மு.க., பா.ச.க. அணி
1999 – ம.தி.மு.க. – தி.மு.க., பா.ச.க. அணி
2004 – பா.ம.க. – தி.மு.க., காங்கிரசு அணி
2009 – அ.தி.மு.க. – தி.மு.க., காங்கிரசு அணி
2014 – அ.தி.மு.க. – அ.தி.மு.க.
2019 – வி.சி.க. (உதயசூரியன் சின்னம்) – தி.மு.க., காங்கிரசு அணி
2024 – வி.சி.க. (பானைச் சின்னம்) – தி.மு.க., காங்கிரசு அணி

1971 முதல் 1991 வரை ஆறு தேர்தல்களிலும் காங்கிரசே வென்றது. ஆயின் அந்த ஆறில் அதன் கூட்டாளி இருமுறை தி.மு.க., நான்குமுறை அ.தி.மு.க. தேசியக் கட்சிக்கு மக்களவை இடங்களையும் மாநிலக் கட்சிக்குச் சட்டமன்ற இடங்களையும் மிகுதியாகப் பகிரும் வழக்கம் இக்காலத்தில் நிலைபெற்றது. ஆகவே, இதைக் காங்கிரசின் கோட்டை என்பதைவிட, அணித்தலைமை காங்கிரசுக்கு ஒதுக்கிய இடம் என்பதே பொருந்தும். 1996க்குப் பின் அந்த ஒதுக்கீடு தி.மு.க., ம.தி.மு.க., பா.ம.க. எனக் கைமாறியபோதும் வெற்றி அணியையே பின்தொடர்ந்தது. செஞ்சி ந. இராமச்சந்திரன் 1998இல் ஓர் அணியிலும் 1999இல் அதற்கு எதிரணியிலும் நின்று இருமுறையும் வென்றமை இதன் தெளிவான எடுத்துக்காட்டு. தொகுதிக்கு நடுவண் அரசில் இடமும் கிடைத்தது: 1996இல் தேர்ந்தெடுக்கப்பட்ட டி. ஜி. வெங்கட்ராமன் தரைவழிப் போக்குவரத்து அமைச்சரானார். இராமச்சந்திரன் வாச்பாய் அரசில் இணையமைச்சராக இருந்தார்.

இந்த ஒழுங்கின் அடியில் வேறொரு வரலாறு ஓடியது. 1980, 1984 தேர்தல்களில் திண்டிவனத்தின் காங்கிரசு உறுப்பினராக இருந்தவர் இராமசாமிப் படையாட்சியார். 1952இல் காங்கிரசை வீழ்த்தித் தம் கட்சியினர் இருவரை எத்தொகுதியிலிருந்து அனுப்பினாரோ, அதே தொகுதியிலிருந்து 28 ஆண்டுகளுக்குப் பின் காங்கிரசு வேட்பாளராக அவரே நாடாளுமன்றம் சென்றார். அதே 1980இல் அதே திண்டிவனத்தில் மருத்துவராகப் பணிபுரிந்த ச. இராமதாசின் தலைமையில் வன்னியர் சங்கம் உருப்பெற்றது. 1987 செப்டம்பரில் அச்சங்கம் நடத்திய சாலை மறியலில் 21 பேர் உயிரிழந்தனர். அப்போது திண்டிவனத்தின் நாடாளுமன்ற உறுப்பினர் படையாட்சியாரே. ஒரே சமூகத்தின் ஒரு தலைமுறை ஆளுங்கட்சி அணியின் அவை உறுப்பினராகவும், அடுத்த தலைமுறை சாலையிலும் நின்ற காலம் அது. 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு இட ஒதுக்கீடு கிடைத்தது. இதைப் பெற்றுத் தந்தது சாலையேயன்றித் தொகுதி அன்று.

1989 சூலையில் தொடங்கப்பட்ட பாட்டாளி மக்கள் கட்சி அவ்வாண்டின் மக்களவைத் தேர்தலில் தனித்துப் போட்டியிட்டு மாநிலத்தில் 6 விழுக்காட்டை நெருங்கிய வாக்குகளைப் பெற்றும் ஓரிடத்தையும் வெல்லவில்லை. அதன் நிறுவனரின் ஊரான திண்டிவனத்தை அக்கட்சி வெல்வதற்கு 2004 வரை காத்திருக்க நேர்ந்தது. தி.மு.க. அணியில் நின்ற தன்ராஜ் அவ்வெற்றியைப் பெற்றார். அதுவே திண்டிவனம் என்னும் பெயரில் நடந்த கடைசிப் பொதுத்தேர்தலுமாகும்.

பட்டியல் சாதியினரின் நிலையில் இக்காலத்தை நோக்கினால் சித்திரம் மேலும் இருள்கிறது. 1978 சூலையில் விழுப்புரம் நகரில் நிகழ்ந்த வன்முறையில் பெரிய காலனியைச் சேர்ந்தோர் உட்பட 12 தலித்துகள் கொல்லப்பட்டனர். கிராமத்திற்கு மாற்றாக நகரம் பாதுகாப்பளிக்கும் என்னும் நம்பிக்கையைக் குலைத்த நிகழ்வு இது. கொல்லப்பட்டோரின் சமூகத்திற்கு இப்பகுதி மக்கள்தொகையில் பெரும் பங்கு இருந்தும், அண்டையிலுள்ள சிதம்பரத்தைப் போலத் தனித் தொகுதியாகத் திண்டிவனம் இருக்கவில்லை.

5. கோடுகள் மாறின: 2008 மறுசீரமைப்பு

நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆணையம் 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அடிப்படையில் மேற்கொண்ட மறுசீரமைப்பு 2008இல் நடைமுறைக்கு வந்தது. பட்டியல் சாதியினரின் விகிதம் ஒப்பீட்டளவில் மிகுந்த பகுதிகளில், மாநிலத்தின் பல பாகங்களிலும் பரவுமாறு தனித் தொகுதிகள் அமைதல் வேண்டும் என்பது சட்டத்தின் நெறி. தமிழகத்தின் 39 தொகுதிகளில் 7 தனித் தொகுதிகள் ஆயின. விழுப்புரம் அவற்றுள் ஒன்று. திண்டிவனம் (தனி), வானூர் (தனி), விழுப்புரம், விக்கிரவாண்டி, திருக்கோவிலூர், உளுந்தூர்ப்பேட்டை ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள் அதில் அடங்கின. செஞ்சியும் புதிதாக அமைந்த மயிலமும் ஆரணி நாடாளுமன்றத் தொகுதியில் சேர்க்கப்பட்டன. கண்டமங்கலம், முகையூர் முதலிய பழைய சட்டமன்றத் தொகுதிகள் வரைபடத்திலிருந்து நீங்கின.

நிருவாக எல்லைகளும் இதற்கிடையில் மாறிக்கொண்டிருந்தன. தென்னார்க்காடு மாவட்டம் 1993 செப்டம்பர் 30 அன்று பிரிக்கப்பட்டபோது விழுப்புரம் மாவட்டத்திற்கு இராமசாமிப் படையாட்சியாரின் பெயர் சூட்டப்பட்டது. 1997இல் மாவட்டங்களுக்குச் சூட்டப்பட்ட தலைவர் பெயர்கள் யாவும் நீக்கப்பட்டபோது அதுவும் நீங்கியது. 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதும் திருக்கோவிலூரும் உளுந்தூர்ப்பேட்டையும் அதனுள் சென்றன. இன்று விழுப்புரம் தொகுதி வாக்காளருள் ஒரு பகுதியினர் வேறு மாவட்ட ஆட்சியரின்கீழ் வாழ்கின்றனர். விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி வாக்காளரோ ஆரணிக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கின்றனர்.

சட்ட வடிவில் நிகழ்ந்த மாற்றம் இவற்றினும் பெரிது. 1952இல் இரு இடங்களாக இருந்தது 1957இல் ஒரு பொது இடமாயிற்று. 2009இல் அந்த ஓரிடம் ஒதுக்கப்பட்ட இடமாயிற்று. முன்னைய இரு பிரிவினருள் ஒருவருக்கு உறுதிசெய்யப்பட்ட இடம், மற்றவர் போட்டியிட இயலாத இடமாகவும் ஆயிற்று. பகிர்வாக இருந்த ஒன்று மாற்றாக மாறியது எனலாம். எனினும் இதனை இழப்பாக மட்டுமே காண்பது பிழை. பொதுத் தொகுதியாக இருந்த அரை நூற்றாண்டில் பட்டியல் சாதியினர் எதிர்கொண்ட நிலையை, தனித் தொகுதியில் பிறர் எதிர்கொள்வது வேட்பாளராகும் உரிமையளவில் மட்டுமே. வாக்காளர் என்ற நிலையில் முடிவைத் தீர்மானிக்கும் ஆற்றல் அவர்களிடம் குறையவில்லை. 2009 தேர்தல் இதனைக் காட்டியது.

6. விதிவிலக்கான தேர்தல்: 2009

2009இல் தி.மு.க. அணி மாநிலத்தில் 27 இடங்களை வென்றது. விழுப்புரத்தில் அவ்வணியின் வேட்பாளர் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் கு. சாமிதுரை. அவர் அ.தி.மு.க.வின் மு. ஆனந்தனிடம் 3,000க்கும் குறைவான வாக்கு வேறுபாட்டில் தோல்வியுற்றார். மாநிலத்தின் முன்னணி அணியோடு 1967 முதல் தவறாது சென்ற ஒரு பகுதி, முதன்முறையாக விலகியது.

இதற்கு மூன்று விளக்கங்கள் கூறப்படக்கூடும். முதலாவது, பா.ம.க. தேர்தலுக்குச் சற்று முன் அ.தி.மு.க. அணிக்குச் சென்றமை. இது தனித்து நின்று விளக்கம் ஆகாது. பா.ம.க. வலுப்பெற்றிருந்த அண்டைத் தொகுதிகளான ஆரணி, திருவண்ணாமலை, கடலூர், கள்ளக்குறிச்சி ஆகிய அனைத்திலும் தி.மு.க. அணியே வென்றது, பா.ம.க. தான் போட்டியிட்ட இடங்கள் அனைத்திலும் தோற்றது. இரண்டாவது, தலித் கட்சியின் வேட்பாளருக்கு அணிக் கட்சிகளின் வாக்குகள் முழுமையாகச் செல்லவில்லை என்பது. இதுவும் முழு விளக்கம் அன்று. அதே தேர்தலில் அதே கட்சியின் தலைவர் தொல். திருமாவளவன் சிதம்பரத்தில் பா.ம.க. வேட்பாளரை ஏறத்தாழ 99,000 வாக்குகளில் வென்றார். மூன்றாவது, தனித்துப் போட்டியிட்டு மாநிலத்தில் ஏறத்தாழ 10 விழுக்காடு வாக்குகளைப் பெற்ற தே.மு.தி.க.வின் தாக்கம். அதுவும் அண்டைத் தொகுதிகளுக்குப் பொதுவானதே.

எஞ்சுவது இம்மூன்றின் சேர்க்கையும், சிதம்பரத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையிலான இரு வேறுபாடுகளும் ஆகும். சிதம்பரத்தில் போட்டியிட்டவர் மாநிலமறிந்த தலைவர், எதிர்த்தவர் பா.ம.க.வைச் சேர்ந்தவர். விழுப்புரத்தில் எதிர்த்து நின்றது அ.தி.மு.க. என்னும் பெருங்கட்சி, அதன் இரட்டை இலை ஊர்தோறும் பழகிய சின்னம். அங்கீகாரம் பெறாத கட்சியின் வேட்பாளரோ வாக்காளருக்குப் பழகாத சின்னத்தில் நின்றார். பெட்டியின்மேல் சின்னம் ஒட்டப்பட்ட 1952ஆம் ஆண்டைப் போலவே, மின்னணு எந்திரத்தின் முன்னும் சின்னமே வேட்பாளருக்கு முதல் அறிமுகம். 3,000க்கும் குறைந்த வேறுபாட்டில் இக்காரணம் ஒன்றே முடிவை மாற்றியிருக்கும் என்று நிறுவ இயலாது. ஆயின் அடுத்துவந்த பத்தாண்டில் கட்சிகள் இதனை ஒரு பாடமாகவே கொண்டன என்பதற்கு 2019 சான்று.

7. கடன் வாங்கிய சூரியன், சொந்தப் பானை

2014இல் அ.தி.மு.க. மாநிலத்தில் 37 இடங்களை வென்றபோது விழுப்புரத்தில் அதன் வேட்பாளர் எஸ். இராசேந்திரன் ஏறத்தாழ 1.93 இலட்சம் வாக்கு வேறுபாட்டில் வென்றார். 2013 ஏப்ரலில் மரக்காணத்தில் நிகழ்ந்த சாதி வன்முறைக்குப் பின் நடந்த தேர்தல் அது. முதலிரு இடங்களையும் அ.தி.மு.க.வும் தி.மு.க.வுமே பெற்றன, பா.ம.க. இடம்பெற்ற அணியின் சார்பில் நின்ற தே.மு.தி.க. மூன்றாமிடம் பெற்றது. இராசேந்திரன் பதவிக்காலம் முடியுமுன் 2019 பிப்ரவரியில் திண்டிவனம் அருகே நேர்ந்த சாலை விபத்தில் உயிரிழந்தார்.

2019 தேர்தலில் போட்டியிட்ட இரு முதன்மை வேட்பாளர்களும் தத்தம் கட்சியின் பொதுச்செயலாளர்கள்: விடுதலைச் சிறுத்தைகளின் து. ரவிக்குமார், பா.ம.க.வின் வடிவேல் இராவணன். தனித் தொகுதி என்பதால் இருவரும் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர்கள். இரு கட்சிகளுக்கிடையிலான நீண்ட பகைமை, இரு தலித் வேட்பாளர்களுக்கிடையிலான போட்டியாக வடிவெடுத்தது. ஒதுக்கீட்டு ஏற்பாட்டின் கவனிக்கப்படாத விளைவு இது: தொகுதியில் தன் வலுவை நிறுவ விரும்பும் எந்தக் கட்சியும் ஒரு தலித் வேட்பாளருக்காக ஊர்களில் வாக்குக் கேட்டே ஆக வேண்டும். 1952இல் ஈருறுப்பினர் முறை இரண்டாம் வாக்குக்காகச் செய்வித்ததை, தனித் தொகுதி முறை ஒரே வாக்குக்காகச் செய்விக்கிறது.

ரவிக்குமார் ஏறத்தாழ 1.28 இலட்சம் வாக்கு வேறுபாட்டில் வென்றார். ஆயின் அவர் நின்றது உதயசூரியன் சின்னத்தில். கழக மரபின்படி, 1952இல் உழைப்பாளர் கட்சிக்காரர் ஒருவரால் இப்பகுதியில் அறிமுகமான சின்னம், 2019இல் தலித் கட்சியின் பொதுச்செயலாளருக்கு ஊர் வாக்குகளைத் திரட்டும் கருவியாயிற்று. இதற்கு ஒரு விலையும் இருந்தது. மக்களவைக் கணக்கில் அவர் தி.மு.க. உறுப்பினராகவே எண்ணப்பட்டார். அதே தேர்தலில் சிதம்பரத்தில் சொந்தச் சின்னமாகிய பானையில் நின்ற திருமாவளவன் 3,219 வாக்குகளிலேயே வெல்ல முடிந்தது. கடன் வாங்கிய சின்னம் பாதுகாப்பையும், சொந்தச் சின்னம் அடையாளத்தையும் அளித்தன. இரண்டும் ஒருசேரக் கிடைக்கவில்லை.

2024இல் ரவிக்குமார் பானைச் சின்னத்தில் நின்றார். அ.தி.மு.க., பா.ம.க. இரண்டும் வெவ்வேறு அணிகளில் நின்று எதிர்வாக்குகளைப் பிரித்தன. அவர் அ.தி.மு.க.வின் ஜெ. பாக்யராஜை ஏறத்தாழ 70,700 வாக்குகளில் வென்றார். வேறுபாடு குறைந்தது, ஆனால் வெற்றி கட்சியின் பெயரிலேயே பதிவாயிற்று. விழுப்புரம், சிதம்பரம் ஆகிய இரு வெற்றிகளின் அடிப்படையில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சி மாநிலக் கட்சி என்னும் அங்கீகாரத்தைப் பெற்றது.

தேர்தல் வெற்றியின் எல்லையையும் இங்கே குறிக்க வேண்டும். ரவிக்குமார் உறுப்பினராக இருந்த 2023 சூனில், தொகுதிக்கு உட்பட்ட மேல்பாதி சிற்றூரில் தலித்துகளின் வழிபாட்டு உரிமை தொடர்பான பிணக்கால் திரௌபதி அம்மன் கோயில் வருவாய்த் துறையினரால் பூட்டி முத்திரையிடப்பட்டது. நாடாளுமன்றத்தின் கதவு ஒதுக்கீட்டால் திறந்த தொகுதியில், ஊர்க்கோயிலின் கதவு திறக்க நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது.

8. முடிவுரை

இவ்வாய்வால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, திண்டிவனம் – விழுப்புரம் பகுதியை எந்தவொரு கட்சியின் அல்லது சாதியின் கோட்டை எனல் பொருந்தாது. 1967 முதல் 15 தேர்தல்களில் 14இல் அது மாநிலத்தின் முன்னணி அணியோடு சென்றுள்ளது. இரண்டாவதாக, விதிவிலக்கான 2009 தேர்தலை ஒரு கட்சியின் அணிமாற்றத்தால் மட்டும் விளக்க இயலாது. தலித் கட்சியின் வேட்பாளரையும் அறிமுகமற்ற சின்னத்தையும் அணி வாக்காளர் முதன்முறையாக எதிர்கொண்ட தருணமாக அதனைக் காணவேண்டும். 2019, 2024 முடிவுகளை அதனோடு ஒப்பிட்டே பொருள்கொள்ளல் வேண்டும். மூன்றாவதாக, ஈருறுப்பினர், பொது, தனி என்னும் மூன்று சட்ட வடிவங்களும் ஒரே மக்களைக் கொண்டு வெவ்வேறு வகையான அரசியல் உறவுகளை உருவாக்கியுள்ளன. பொதுத் தொகுதிக் காலம் இரு பிரிவினரையும் ஒருவரையொருவர் நாட வேண்டிய கட்டாயத்திலிருந்து விடுவித்தது. முன்னதும் பின்னதும் அக்கட்டாயத்தை விதித்தன.

தொகுதிகளின் எல்லையும் எண்ணிக்கையும் மீண்டும் மாறவிருப்பது குறித்து நாடு இன்று விவாதித்து வருகிறது. அவ்விவாதம் பெரும்பாலும் மாநிலங்களுக்கிடையிலான இடக்கணக்கைப் பற்றியதாகவே உள்ளது. ஒரு கோடு எந்த ஊரை எந்தக் காலனியோடு சேர்க்கிறது, எந்த ஒதுக்கீட்டை எங்கே வைக்கிறது என்பன அதே அளவு கருதத்தக்கவை. செஞ்சி ஆரணிக்குச் சென்றதும் திண்டிவனம் என்னும் பெயர் நீங்கியதும் பொது இடம் தனி இடமானதும் ஒரே ஆணையால் நிகழ்ந்தவை. அவ்வாணையின் விளைவுகளை இப்பகுதி மக்கள் நான்கு தேர்தல்களாக வாக்குகளால் எழுதி வருகின்றனர். வாக்குச்சாவடி வாரியான முடிவுகளையும் களச்சான்றுகளையும் இணைத்து மேற்கொள்ளப்படும் ஆய்வுகள் அவ்வெழுத்தை மேலும் நுணுக்கமாகப் படிக்க உதவும்.